எட்டாத இடமும் எட்டாம் இடமும்

காலையில் பேப்பர் வந்ததும் ஸ்போர்ட்ஸ் பக்கத்தை முதலில் திருப்புகிறவர்கள் ஒரு வகை. ஸ்போர்ட்ஸ் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு ராசிபலன், காலமானார் விளம்பரம், டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் வரி விடாமல் படிக்கிறவர்கள் இன்னொரு வகை. அடியேன் இரண்டாவது வகை. சென்னையின் எஃப்.சி. ரசிகன்.

'அது என்ன ஸார், சென்னையின்? சென்னையின்... என்ன?' என்று கேட்காத ஆளே கிடையாது. பெயரே பாதி வாக்கியம்! மீதியை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளலாம். 2015-ல் 'சென்னையின் பெருமை' என்றார்கள். 2019-ல் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே அச்சடிக்க முடியாது. 'இன்' என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு, அதன் பொருள்களில் ஒன்று 'நீங்கல்' என்று தமிழய்யா அன்றைக்கே நடத்தினார். கோப்பை எங்களை விட்டு நீங்கும் என்பதற்கு இலக்கணத்திலேயே ஆதாரம் இருக்கிறது, பாருங்கள்!

மைதானம், பெரியமேட்டில் இருக்கிற நேரு ஸ்டேடியம். அதற்குக் கிளப் வைத்த செல்லப்பெயர் 'மெரினா அரீனா'. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் மெரினா காற்றும் வராது, சுண்டலும் வராது. சில சீசன்களில் கோலும் வராது.

எப்போதுமே இப்படியா என்றால், இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பிறந்ததிலிருந்தே தோற்கிற அணி என்றால் 'விதி' என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது இரண்டு தடவை சாம்பியன் ஆன அணி!

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஊரே வெள்ளத்தில் மிதந்தது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று ஜெயித்தார்கள் நம்ம ஆட்கள். கோவாவில் இறுதிப் போட்டி. 90-வது நிமிஷம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கி நிற்கிறோம். டி.வி.யை அணைக்கக் கை போகிற நேரத்தில் கோவாவின் கோல்கீப்பரே சொந்த வலைக்குள் பந்தைத் தள்ளிவிட, அடுத்த இரண்டாவது நிமிஷம் மெண்டோசா ஒரு கோல். 3-2! பயிற்சியாளர் யார் தெரியுமா? 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் மார்பில் முட்டு வாங்கினாரே, அதே மெட்டராஸி.

2018 மார்ச்சில் பெங்களூருக்கே போய், பெங்களூரு அணியை அவர்கள் ரசிகர்கள் கண் முன்னாலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கப்புறமும் பல ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம்தான் வேறு.

அடுத்த சீசனைக் கேளுங்கள். 18 மேட்ச், 2 வெற்றி, 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம்! நடப்புச் சாம்பியன் என்று கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்ச்சில் போய் உட்கார்ந்தார்கள். இதில் உச்சகட்டக் கொடுமை, அதே வருஷம் கோயம்புத்தூரில் விளையாடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி என்ற இன்னொரு அணி ஐ-லீக் பட்டத்தை வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் கைகொடுத்து, "உங்க சென்னை டீம் ஜெயிச்சிடுச்சாமே, கங்கிராட்ஸ்!" என்றார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் காபி கொடுத்து அனுப்பினேன்.

2019-20-ல் சீசனுக்கு நடுவே பயிற்சியாளர் மாறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, மறுபடியும் இறுதிப் போட்டி. டிக்கெட் போட்டுக் கோவா போகலாம் என்று லீவ் லெட்டர் எழுதினால்... கொரோனா! மார்ச் 14, காலி ஸ்டேடியத்தில் ஆட்டம். 1-3 தோல்வி.

அதற்குப் பிறகு வந்ததுதான் சரித்திரச் சாதனை. 2020-21-ல் எட்டாம் இடம். 2021-22-ல் எட்டாம் இடம். 2022-23-ல்? சரியாகச் சொன்னீர்கள்! எட்டாத இடத்துக்கு ஆசைப்பட்டு எட்டாம் இடத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம். அதிலும் 2020-21-ல் 20 மேட்ச்சில் 11 டிரா. ஜெயிக்கவும் மாட்டேன், தோற்கவும் மாட்டேன் என்று ஃபைலைப் பெண்டிங்கில் போடும் குமாஸ்தா மாதிரி.

நடுவே 2023-24-ல் ஆறாம் இடம் பிடித்து, பிளே ஆஃப் வரை போய், கோவாவிடம் 1-2. அடுத்த சீசன் 13 அணிகளில் 11-வது.

இத்தனை அடி வாங்கியவன் என்ன சமாதானம் சொல்வான்? அனுபவத்தில் பொறுக்கியவை சில:

1. "ஸ்கோரைப் பார்க்காதீங்க, ஆட்டத்தைப் பாருங்க."

2. "ரெஃப்ரி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..."

3. "இது டீம் கட்டற வருஷம்." (பத்து வருஷத்துக்கு மேலாகக் கட்டுகிறார்கள். மெட்ரோ ரயிலே ஓடத் தொடங்கிவிட்டது!)

4. "கேரளாவை மட்டும் ஜெயிச்சாப் போதும்."

நாலாவதைக் கேலி செய்யாதீர்கள். கொச்சியின் மஞ்சள் சட்டையை ஜெயித்தால், அந்த வருஷத்துத் துக்கத்தில் பாதி அடைந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் பி.காம். படித்தவன். வராது என்று தெரிந்துவிட்ட பாக்கியை 'வாராக்கடன்' என்று எழுதித் தள்ளிவிட வேண்டும் என்பது கணக்குப்பதிவியல் பால பாடம். அதை வருஷா வருஷம் 'வரவேண்டிய பாக்கி' என்றே அடுத்த லெட்ஜருக்குக் கொண்டுபோகிறவன் கால்பந்து ரசிகன். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர், தீவிர சி.எஸ்.கே. பக்தர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேஜைக்கு வந்து, "என்ன ஸார், நேத்து எத்தனை?" என்பார். எத்தனை கோல் வாங்கினீர்கள் என்று அர்த்தம். 2025-ல் அவருடைய அணி ஐ.பி.எல். வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தது. அன்றைக்கு லஞ்ச் டயத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். "எப்படி ஸார் தாங்கறீங்க?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு. கிண்டல் பண்ண நாக்கு துறுதுறுத்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. "முதல் வருஷம்தான் வலிக்கும். அப்புறம் பழகிடும். சாப்பிடுங்க" என்றேன். சீனியர் என்ற முறையில் அது என் கடமை.

ஆனால் பழகாத ஒரு வலியும் வந்தது. அதே 2025 ஜூலை. ஐ.எஸ்.எல். போட்டியை நடத்திவந்த நிறுவனம், இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோடு போட்ட ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை என்று சொல்லி, சீசனையே நிறுத்திவைத்துவிட்டது. கிளப்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின. சில இடங்களில் சம்பளத்தையும் சேர்த்து நிறுத்தினார்கள். செப்டம்பர் வந்தது, ஆட்டம் இல்லை. தீபாவளி வந்தது, ஆட்டம் இல்லை. பொங்கலுக்கும் இல்லை.

தோற்கிற அணியின் ரசிகனுக்கு இது விடுதலைதானே என்பீர்கள். இல்லை ஸார்! திட்டக்கூட ஒரு மேட்ச் வேண்டாமா? என் கதை கிடக்கட்டும், சனிக்கிழமை ராத்திரி வேறு வேலை பார்த்துக்கொள்வேன். வியாசர்பாடியில் விடிகாலையில் எழுந்து பந்தை உதைக்கிறானே பையன், அவன் என்ன செய்வான்? இந்த ஊரில் கால்பந்தைச் சம்பளம் வாங்குகிற வேலையாக நினைத்துப் பார்க்க அவனுக்கு இருக்கிற ஏணிகள் ரொம்பக் கொஞ்சம். எட்டாவது படியோ பதினோராவது படியோ, ஏணி இருந்தால்தானே ஏற முடியும்? புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருப்பது அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலே இல்லாத அந்த மாதங்களில்தான், கடைசி இடமும் ஓர் இடம் என்பது உறைத்தது.

ஒருவழியாக 2026 பிப்ரவரியில் பந்து உருண்டது. நீல பனியனை அலமாரியிலிருந்து எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை. "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி. குரலில் அலுப்புதான். ஆனால் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஹோம் மேட்ச்சுக்கு நீங்களும் வாருங்களேன். ஜெயிப்போம் என்று உத்தரவாதம் தரமுடியாது. உட்கார இடம் கிடைக்கும். அதற்கு நான் கியாரண்டி!