த டாக்சிக் அவெஞ்சர் மறுஆக்கத்தின் திரையரங்கு வெளியீடு

த டாக்சிக் அவெஞ்சர் என்பது மேக்கன் பிளேர் எழுதி இயக்கிய அமெரிக்கத் திகில் நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். இது 1984 ஆம் ஆண்டில் இதே பெயரில் வெளிவந்த படத்தின் மறுஆக்கம். இதன் படப்பிடிப்பு 2021 இல் நடந்தது. 2023 செப்டம்பரில் ஒரு திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இப்படம் 2025 ஆகஸ்ட் 29 அன்றுதான் வந்து சேர்ந்தது. மிகையான வன்முறை கொண்ட படங்கள் திரையரங்கை அடைவதில் உள்ள தடைகளுக்கு இத்தாமதம் ஓர் எடுத்துக்காட்டு.

மூலப்படம்

மூலப்படத்தை லாயிட் காஃப்மன், மைக்கேல் ஹெர்ட்ஸ் ஆகியோர் தமது டிரோமா நிறுவனத்தின் சார்பில் குறைந்த செலவில் உருவாக்கினர். கேலிக்கு ஆளாகும் தூய்மைப் பணியாளர் ஒருவர் நச்சுக் கழிவில் விழுந்து, உருக்குலைந்த மாவீரனாக எழுவதே கதை. முதல் வெளியீட்டில் கவனிக்கப்படாத இப்படம், 1985 இன் இறுதியில் நியூயார்க்கின் பிளீக்கர் ஸ்ட்ரீட் சினிமாவில் நள்ளிரவுக் காட்சியாக நீண்டநாள் ஓடிய பின்னரே தனி இரசிகர் கூட்டத்தைப் பெற்றது. இவ்வகைப் படங்களே கல்ட் படங்கள் எனப்படுகின்றன. பின்னர் இதன் தொடர்ச்சிப் படங்களும், 1991 இல் சிறுவர்களுக்கான கேலிச்சித்திரத் தொடரும் வெளிவந்தன.

மறுஆக்க முயற்சிகள்

2010 இல் அறிவிக்கப்பட்ட மறுஆக்கம், குடும்பத்தினரும் பார்க்கத்தக்க பிஜி-13 தரத்தில் திட்டமிடப்பட்டது. அது நிறைவேறவில்லை. 2018 இல் லெஜண்டரி நிறுவனம் உரிமையைப் பெற்றது. அடுத்த ஆண்டு பிளேர் இயக்குநரானார். அவர் மூலப்படத்தின் குருதியையும் அருவருப்பையும் கைவிடவில்லை. பீட்டர் டிங்கிலேஜ், ஜேக்கப் டிரம்பிளே, கெவின் பேக்கன், எலைஜா வுட் ஆகியோர் நடிக்க, படப்பிடிப்பு பல்கேரியாவில் நடைபெற்றது.

இதில் நாயகன் வின்ஸ்டன் கூஸ் மனைவியை இழந்தவர். மனைவியின் மகனை வளர்த்து வருபவர். அவருக்குத் தீராத நோய் இருப்பது தெரியவருகிறது. சிகிச்சைச் செலவை அவருடைய மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. இந்த நெருக்கடியே கதையை நகர்த்துகிறது.

தர வகைப்பாடும் விநியோகச் சிக்கலும்

இந்தியாவில் 1952 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிட முடியாது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. திரைத்துறையே 1968 இல் ஏற்படுத்திய தர வகைப்பாடு விருப்பத்தின் பேரிலானது. எனினும் நடைமுறையில் அதன் பிடி வலுவானது. ஆர் தரம் பெற்ற படத்தைப் பதினேழு வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் துணையுடன் பார்க்கலாம். 1990 இல் வந்த என்சி-17 தரம் சிறார்களை முற்றிலும் விலக்குகிறது. அத்தரம் பெற்ற படங்களையும், தரமே பெறாத படங்களையும் திரையிடப் பல திரையரங்குக் குழுமங்கள் தயங்கின. அவற்றுக்கு விளம்பர இடம் கிடைப்பதும் அரிதானது.

இதனால் தயாரிப்பாளர்களுக்கு முன் இரு வழிகளே இருந்தன. ஒன்று, காட்சிகளை வெட்டுவது. ஈவில் டெட் படத்தின் 2013 மறுஆக்கம் முதலில் என்சி-17 தரம் பெற்று, சில பகுதிகள் நீக்கப்பட்ட பின் ஆர் தரத்தில் வெளியானது. மற்றொன்று, தரமின்றியே சில அரங்குகளில் வெளியிடுவது. ரீ-அனிமேட்டர் (1985) போன்ற படங்கள் அவ்வழியில் சென்றன. திகில் நகைச்சுவைக்கு முதல் வழி கூடுதல் இழப்பைத் தருகிறது. குருதி அளவுமீறிப் பீறிடுவதே அங்கு சிரிப்பாகிறது. அதைக் குறைத்தால் நகைச்சுவையும் குறைகிறது.

பிளேரின் படம் 2023 செப்டம்பர் 21 அன்று டெக்சாசின் ஆஸ்டின் நகரில் ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் விழாவில் திரையிடப்பட்டது. அப்போது ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. விழாவுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாக விநியோகஸ்தர் யாரும் முன்வரவில்லை. வெளியிட முடியாத படம் என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது.

டெரிஃபையர் தந்த திருப்பம்

டேமியன் லியோன் இயக்கிய டெரிஃபையர் 2 (2022), சுமார் 2.5 இலட்சம் டாலர் செலவில் உருவாகி, தரம் பெறாமலேயே ஒன்றரைக் கோடி டாலருக்குமேல் ஈட்டியது. 2024 அக்டோபரில் வந்த டெரிஃபையர் 3 படமும் தரம் பெறாதது. அது அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்து, உலகளவில் ஏறத்தாழ 9 கோடி டாலர் ஈட்டியது. அதன் தயாரிப்புச் செலவு சுமார் 20 இலட்சம் டாலர் மட்டுமே. தரமில்லாத படம் பெரிய அரங்குகளில் ஓடாது என்ற கணிப்பை இவ்வெற்றி தளர்த்தியது.

டெரிஃபையர் படங்களை வெளியிட்ட சினிவர்ஸ் நிறுவனமே, 2025 சனவரியில் த டாக்சிக் அவெஞ்சர் படத்தின் அமெரிக்க உரிமையை வாங்கியது. பிளடி டிஸ்கஸ்டிங் என்னும் திகில் செய்தித் தளமும் இந்நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே, பெரும் விளம்பரச் செலவின்றி இரசிகர்களை நேரடியாக அடைய அதனால் முடிந்தது.

வெளியீடு

படம் தரம் பெறாத வடிவிலேயே வெளியானது. வெளியீட்டையொட்டி, அன்டியூ மெடிக்கல் டெட் என்னும் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து குறைந்தது 50 இலட்சம் டாலர் மருத்துவக் கடனை நீக்க உதவுவதாக சினிவர்ஸ் அறிவித்தது. மக்களின் நிலுவைக் கடன்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்வது அத்தொண்டு நிறுவனத்தின் பணி. வின்ஸ்டனின் துயரத்தோடு நேரடித் தொடர்புடைய விளம்பர முயற்சி இது.

வசூலில் இப்படம் டெரிஃபையர் 3 அளவுக்கு எட்டவில்லை. ஒரு படத்தின் வெற்றி அரங்கின் கதவைத் திறக்க உதவினாலும், அடுத்த படத்துக்கும் அதே கூட்டம் வரும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இது காட்டுகிறது.