சமவெளியில் பழகிய கை, கண்டி மலையில்

ஏ9 வீதி என்றால் நமக்கு முகமாலை, கிளிநொச்சி, ஓமந்தை. 2002 இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்த பின் மறுபடி திறந்தது என்று அந்த வீதியின் கதையை நமது வாழ்க்கையின் திகதிகளோடு சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வீதியின் முதலாவது கிலோமீற்றர் இருப்பது கண்டியில். வடக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் தம்புள்ளை வரை பெரும்பாலும் சமமான, நீளமான பாதையில் வருகிறார். மாத்தளையைக் கடந்து பலகடுவ மலைப்பகுதிக்குள் நுழையும்போதுதான் முற்றிலும் வேறு மாதிரியான வீதி அவர் முன்னால் வருகிறது.

இப்படி வருபவர்கள் இப்போது நிறையப் பேர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் மாணவர்கள், வேலை தேடி வருபவர்கள், நீண்ட விடுமுறை கிடைத்தால் கூட்டமாக நுவரெலியாவுக்குக் கிளம்பும் இளைஞர்கள். இவர்களில் பலர் பல வருடங்களாக மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள். ஓடத் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. பிரச்சினை, அவர்கள் எங்கே, எப்படிப் பழகினார்கள் என்பதில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் வடக்கில் பெற்றோல் கிடையாது. கொஞ்சம் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவிட்ட காலம் அது. பெரும்பாலானோருக்குச் சைக்கிள்தான் வாகனம். அண்ணன்மாரும் மாமாமாரும் ஓடப் பழக்கினார்கள். பயிற்சிப் பாடசாலை, அனுமதிப்பத்திரம் என்பதெல்லாம் ஷெல்லுக்கும் சோதனைச்சாவடிக்கும் நடுவே யாருக்கும் ஞாபகம் வராத விடயங்கள். 2009 க்குப் பிறகு லீசிங் நிறுவனங்கள் வந்தன. சிறு முற்பணத்தோடு புது மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்தது. வண்டி வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. பழகிய முறை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான ட்ரயல் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. 8 போட்டுக் காட்ட வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது. நடை வேகத்தில் சமநிலை தெரிகிறதா என்பதற்கு அது நல்ல பரீட்சைதான். ஆனால் 50 கிலோமீற்றர் வேகத்தில் அவசரமாக நிறுத்துவதையோ, இறக்கத்தில் கியரைக் குறைப்பதையோ, ஈரமான வளைவில் திரும்புவதையோ அது கேட்பதில்லை. மலை வீதியில் ஆளைக் கொல்வது இவைதான். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும் அதில் பெரும் பகுதி.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். "முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறியும்" என்று நம் ஊரில் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருவார்கள். சைக்கிள் காலத்துப் பயம் அது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சில்லு வீதியை அழுத்திப் பிடிக்கிறது, பின் சில்லு இலேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் பிரேக்கில்தான். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு நிறுத்தும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்; பின் சில்லு இறுகி வழுக்கவும் கூடும். தூக்கி எறிவது முன் பிரேக் அல்ல, அதைப் பயத்தில் சட்டென்று இழுப்பது. ஈரத் துணியைப் பிழிவதுபோல மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், கூடவே பின் பிரேக்கையும் அளவாக மிதிக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி ஐம்பது தடவை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும். எந்தப் பயிற்சிக் கட்டணமும் தேவையில்லை.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சில்லு இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நம்மிடம் ஓடுபவை அநேகமாக இந்திய வண்டிகளே. ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி தொடங்கியது. எனவே வீதியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வசதி இல்லாத பழைய வண்டிகள். அந்த வேலையை உங்கள் கையே செய்ய வேண்டும்.

கணக்கும் கொஞ்சம் பார்க்கலாம். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடிக்குள் வண்டி 17 மீற்றர் ஓடிவிடுகிறது. காய்ந்த சமமான வீதியில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் சுமார் 20 மீற்றர். மழை பெய்த வீதியில் அந்த 20, 35 ஆகும். அதுவே இறக்கமாகவும் இருந்தால் 40 ஐத் தாண்டும். ஆக மொத்தம் 60 மீற்றருக்குக் கிட்ட. கடுகண்ணாவையிலோ ஹந்தானையிலோ 60 மீற்றர் முன்னால் தெரிகிற வளைவு எத்தனை இருக்கிறது? வேகத்தை 30 க்குக் குறைத்தால் பிரேக் பிடிக்கும் தூரம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது.

இறக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. எஞ்சினை நிறுத்தி, அல்லது நியூட்ரலில் போட்டு, வண்டியை உருளவிடுவது. 2022 இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில் இது ஒரு சாமர்த்தியமாகவே பேசப்பட்டது. மலையில் அது சாமர்த்தியம் அல்ல. கியர் இல்லாமல் இறங்கும் வண்டியை பிரேக் மட்டுமே தாங்குகிறது. தொடர்ந்து பிடிக்கப் பிடிக்கச் சூடேறி, கடைசியில் பிடிப்பதே இல்லை. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய கணக்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் கியர் மாற்ற வழியில்லை, எஞ்சின் பிடிப்பும் குறைவு. ஸ்கூட்டர்காரர் இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, இடையில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவதே நல்லது.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில், உன்னஸ்கிரியவுக்கும் ஹசலகவுக்கும் இடையில் 18 வளைவு என்று பெயர் பெற்ற இடம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸும் லொறியும் வீதி முழுவதையும் எடுத்துத்தான் திரும்பும்; அவற்றுக்கு வேறு வழியில்லை. வலது பக்க வளைவில் நீங்கள் சாயும்போது உங்கள் சில்லு உங்கள் பக்கத்தில் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கத்தில் இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் மூலை முதலில் தொடுவது அந்தத் தலையைத்தான். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் நின்று, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்துத் திரும்ப வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

ஷெல் சத்தத்தில் காது மந்தமானவர்கள் நம்மில் நிறையப் பேர். மறைவான வளைவில் எதிர் வாகனத்தின் ஹோர்ன்தான் எச்சரிக்கை. அது கேட்காதவர் இன்னும் மெதுவாக வர வேண்டும், இரண்டு கண்ணாடிகளும் சரியாக இருக்க வேண்டும். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய வாகனத்தில் பழகிய சாரதிகளையும் இந்த மலை விடுவதில்லை. 2025 மே 11 அன்று ரம்பொடை, கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, தோட்டப் பாதையிலிருந்து லொறிகள் இழுத்து வந்த சேறு ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ சாயவோ கூடாது.

நகருக்குள் ஆபத்து வேறு. 1998 ஜனவரி 25 குண்டுத் தாக்குதலுக்குப் பின் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தப் போக்குவரத்து வாவியைச் சுற்றித் திருப்பப்பட்டது. போர் கண்டிக்கு விட்டுச்சென்ற நெரிசல் என்றே அதைச் சொல்லலாம். அந்த நெரிசலில் பஸ்ஸின் இடது பக்கத்தால் நுழைவது மோட்டார் சைக்கிள்காரர்களின் வழக்கம். பஸ்ஸின் கதவு இருப்பதும் இடது பக்கத்தில்தான். யாராவது இறங்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருப்பீர்கள்.

தலைக்கவசத்தோடு நமக்கு இருக்கும் உறவு வேறு மாதிரியானது. முகம் தெரியாமல் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தால் தெருவே கதவைச் சாத்திய காலத்தை மறக்கவில்லை. சோதனைச்சாவடியில் கழற்றிக் கையில் பிடித்தே பழகியவர்கள் நாம். 2015 இல் குற்றச்செயல்களைக் காரணம் காட்டி முழு முகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முனைந்தபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. நீதிமன்றம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தாடையிலும் முகத்திலும் விழும் அடியைத் திறந்த தலைக்கவசம் தடுக்காது. எஸ்எல்எஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள், நாடாவைப் பூட்டுங்கள். பூட்டாத தலைக்கவசம் உங்களுக்கு முன்னரே விழுந்துவிடும். ஒரு தடவை பலமாக அடிபட்டதை மறுபடி போடாதீர்கள், உள்ளேயிருக்கும் நுரை நசுங்கியிருக்கும். பின்னால் சேலையோடு பக்கவாட்டில் இருக்கும் அம்மாவின் முந்தானையையும் புறப்படுமுன் பாருங்கள். சில்லு காப்பைக் கழற்றி எறிவது ஸ்டைல் அல்ல.

விபத்து நடந்தால் நமக்கு உடனே வருவது தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம். வன்னியில் அம்புலன்ஸ் வராது, வந்தாலும் ஷெல் விழும், தூக்கியவன்தான் காப்பாற்றினான். இங்கே நிலைமை வேறு. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். வடக்கிலும் 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை ஓட்டோவில் மடக்கி ஏற்றினால் நடக்க வேண்டியவர் நடக்காமலே போகலாம். வண்டிகள் மோதாத இடமா என்று பாருங்கள், இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், மூச்சு வந்துகொண்டிருந்தால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். வளைவுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொருவரை அனுப்பி வாகனங்களை மறிக்கச் சொல்லுங்கள்.