கறியும் கரியும்

உணவு விடுதிக்குப் போனால் சமையல் உள்ளே நடக்கும். நாம் வெளியே அமர்ந்திருப்போம். சமைத்த பண்டம் தட்டில் வந்து சேரும். இதுதான் நமக்குப் பழக்கம். பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து வைத்து, மேசையின் நடுவே தணலையும் இட்டு, "நீங்களே சுட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்லும் விடுதியை நீங்கள் பார்த்ததுண்டா?

நான் பார்த்தேன். ஹூண்டாய் நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்டு, 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதையொட்டி ஏராளமான கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்தன. அவர்களை நம்பிக் கொரிய உணவு விடுதிகளும் வந்தன. இன்று அங்கே கொரியரைவிட நம்மவர் கூட்டமே அதிகம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அத்தை மகன், "வா மாப்பிள்ளை, ஒரு புதுச் சாப்பாடு காட்டுகிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை அழைத்துப் போனான்.

இடம் கிடைக்க அரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வட்டக் குழி, அதில் கனன்று கொண்டிருக்கும் கரி, மேலே கம்பி வலை, அதற்கும் மேலே யானைத் துதிக்கைபோல் கூரையிலிருந்து தொங்கும் ஒரு குழாய். பரிமாறும் பெண் ஒரு கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டி வலைமேல் பரப்பினாள். சாப்பிட்ட நேரத்தைவிட நான் வேடிக்கை பார்த்த நேரம் அதிகம். ஒரு மேசையின் மேல் இத்தனை பௌதிகமா என்ற வியப்புத்தான் காரணம். அந்த வியப்பு பின்னர் ஒரு கவலையாகவும் மாறியது. இரண்டையும் சொல்லவே இக்கட்டுரை.

மெல்லிய துண்டின் இரகசியம்

கொரியர்களின் புகழ்பெற்ற உணவு 'புல்கோகி'. 'புல்' என்றால் நெருப்பு. 'கோகி' என்றால் இறைச்சி. இறைச்சியைத் தாள்போல் மெல்லியதாகச் சீவி, சோயாச் சாறு, சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றில் ஊறவைத்து, தணலில் சுடுவார்கள். ஏன் அவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும்?

இறைச்சி வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். அதன் மேற்பரப்பில் படும் வெப்பம் உள்ளே பரவ எடுத்துக்கொள்ளும் நேரம், தடிமனின் வர்க்கத்திற்கு ஏற்றபடி கூடும். தடிமன் 2 மடங்கானால் நேரம் 4 மடங்கு. 5 மடங்கானால் 25 மடங்கு. 3 மில்லிமீட்டர் துண்டின் நடுவுக்கு வெப்பம் போய்ச்சேர ஏறத்தாழ 15 விநாடி போதும். 15 மில்லிமீட்டர் துண்டுக்கு ஆறேழு நிமிடம் வேண்டும். பசியோடு எதிரே அமர்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்!

அடுத்தது தணலின் வலிமை. கனலும் கரியிலிருந்து வெப்பம் பெரும்பாலும் கதிர்வீசல் முறையில் வருகிறது. ஒரு பொருள் வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று ஸ்டீபன் 1879இல் கண்டார். போல்ட்ஸ்மன் 1884இல் அதற்குக் கொள்கை விளக்கம் தந்தார். நன்றாகச் சிவந்த தணலின் வெப்பநிலை ஏறத்தாழ 1000 கெல்வின், அதாவது 727 டிகிரி செல்ஸியஸ். கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 56,700 வாட் வருகிறது. நடுப்பகல் வெயில் தருவதோ சுமார் 1000 வாட். உச்சி வெயிலைப் போல் ஐம்பத்தாறு மடங்கு! 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 2,800 வாட் எழுகிறது. ஏறக்குறைய மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகளின் திறன் இது.

தணல் சற்றே ஆறி 800 கெல்வினுக்கு இறங்கினால் என்ன ஆகும்? வெப்பநிலை குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் வீசும் வெப்பம் பாதிக்கும் கீழே, நூற்றுக்கு நாற்பத்தொன்றாக இறங்கிவிடும். அதனால்தான் பரிமாறுபவர்கள் அடிக்கடி வந்து கரியை மாற்றுகிறார்கள்.

மணம் எங்கிருந்து வந்தது?

அதே இறைச்சியை நீரில் வேகவைத்தால் இந்த மணமும் பழுப்பு நிறமும் வருவதில்லை. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மேற்பரப்பு உலர்ந்து ஏறத்தாழ 140 டிகிரியைக் கடந்தபின், புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விரைந்து வினைபுரிகின்றன. நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் பிறக்கின்றன. 1912இல் இதை விவரித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆங்கில வழியில் படித்த நாங்கள் அவர் பெயரை 'மெயிலார்டு' என்போம். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர்கள் 'மயார்' என்று திருத்துவார்கள். தோசையின் பொன்னிறத்திலும் மீன் வறுவலின் மொறுமொறுப்பிலும் இருப்பது இந்த மயார் வினைதான்.

மேசையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வந்த தொடுகறிகளில் முட்டைக்கோசுக் 'கிம்ச்சி'யும் ஒன்று. அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமான 'லியூகோனாஸ்டாக்' என்னும் பாக்டீரியா, நம் இட்லி மாவைப் புளிக்கவைப்பதிலும் பங்கு கொள்கிறது. அப்பாவைக் கொரியக் குழந்தைகளும் 'அப்பா' என்றுதான் அழைக்கின்றன என்று என் அத்தை மகன் சொன்னபோது, அந்த அயல்நாட்டு மேசை இன்னும் சற்று நெருங்கி வந்தது.

துதிக்கையின் வேலை

இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு தணலில் சொட்டும்போது குப்பென்று புகை எழுகிறது. அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோயை விளைவிக்கக்கூடிய பொருள்கள் உண்டு. தலைக்கு மேலே தொங்கும் குழாய் இதை உறிஞ்சி வெளியேற்றுகிறது. ஆனால் பக்கத்து மேசையில் இருந்தவர்கள், முகம் மறைக்கிறது என்று குழாயை மேலே தள்ளிவிட்டார்கள். உடனே புகை எங்கள் பக்கம் சாய்ந்தது. ஏன்?

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எரியும் மெழுகுவர்த்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். அதே தொலைவிலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்க முடியுமா? சுடர் அசையக்கூட அசையாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் அம்புபோல் செல்கிறது. உறிஞ்சும்போதோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே உறிஞ்சும் வேகம், தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. குழாய் வாயை இருமடங்கு தூரம் நகர்த்தினால், புகையின்மேல் அதன் பிடி நாலில் ஒன்றாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு குழாய் விநாடிக்கு 90 லிட்டர் காற்றை வெளியேற்றுவதாகக் கொள்வோம். 20 மேசைகளுக்கு 1,800 லிட்டர். 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கூடத்தின் காற்று முழுவதும் மூன்று நிமிடத்திற்குள் வெளியே போய்விடும். அதே அளவு காற்று உள்ளே வர வழி வேண்டுமல்லவா? குளிர்சாதனக் காற்று வீணாகிறதே என்று கதவு சன்னல்களை இறுக மூடினால், கூடத்தின் அழுத்தம் குறையும், குழாய்கள் திணறும், புகை திரும்பி உள்ளேயே இறங்கும். புகையை வெளியேற்ற விரும்புபவர் முதலில் காற்றை உள்ளே விட வேண்டும். கரிக்குப் பதிலாக எரிவாயு அல்லது மின்சார அடுப்பை வைக்கும் விடுதிகளும் உண்டு. கரியைப் பயன்படுத்துவோருக்குக் காற்றோட்டம் அலங்காரம் அன்று, உயிர்க்காப்பு.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

உயிர்க்காப்பு என்று சொன்னது மிகையன்று. புகையாவது கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், நாம் எழுந்து ஓடிவிடுவோம். கரி அடுப்பில் அதைவிடக் கொடியதொன்று பிறக்கிறது.

கரியின் அடிப்பகுதியில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் கரியமில வாயு உண்டாகிறது. அது மேலேறும்போது, கனன்று கொண்டிருக்கும் மற்றக் கரித்துண்டுகள் அதிலிருந்து பிராணவாயுவின் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கின்றன. விளைவது கார்பன் மோனாக்ஸைடு. நல்ல தணலின் மேலே ஓர் இளநீலச் சுடர் நடமாடுவதைக் கண்டிருப்பீர்கள். இந்த வாயு எரிவதுதான் அச்சுடர். தணல் ஆறி, சாம்பல் மூடி, நீலச் சுடர் மறைந்தபின் அந்த வாயு எரியாமல் அப்படியே அறையில் கலக்கிறது. 'நெருப்பு அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை' என்று நாம் எண்ணும் நேரமே பயப்பட வேண்டிய நேரம்!

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீட்டர் உள்ள அறை. அதில் இருப்பது 27,000 லிட்டர் காற்று. கதவு சன்னல் மூடியிருக்கின்றன. கால் கிலோ கரி எரிகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கார்பன் மோனாக்ஸைடாக மாறுவதாகக் கொள்வோம். 25 கிராம் கார்பன் 58 கிராம் கார்பன் மோனாக்ஸைடைத் தரும். அதன் பருமன் ஏறத்தாழ 50 லிட்டர். ஆயிரம் லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அரை மணிக்குள் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். இரண்டு மணி நேரத்திற்குள் உயிரே போகலாம்.

'பிராணவாயு தீர்ந்துபோய் மூச்சுமுட்டி இறந்தார்கள்' என்று பலர் சொல்வதுண்டு. நம் கணக்கில் பிராணவாயு 21 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்திற்குத்தான் இறங்குகிறது. விளக்கு அணையாது, மூச்சு முட்டாது. உறங்குபவர் உறங்கியபடியே இருப்பார். அதுதான் கொடுமை.

உப்பளத்தில் ஒரு மழையிரவு

சென்ற கார்த்திகையில் நடந்தது இது. உப்பளத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் மூன்று கல்லூரி மாணவர்கள் குடியிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த கொரியச் சாப்பாட்டைத் தாங்களே செய்து பார்க்க விரும்பி, மொட்டைமாடியில் ஒரு கரியடுப்பை மூட்டியிருக்கிறார்கள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்து, சாரல் அடிக்கிறதென்று சன்னலையும் சாத்திவிட்டார்கள்.

நல்லெண்ணம் கொண்ட பிள்ளைகள். எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தான் ஒருவன். "தலையை வலிக்குது சார், வெறும் வயிற்றில் மழையில் நனைந்தது ஒத்துக்கொள்ளவில்லை போல. மற்றவர்களுக்கும் அப்படித்தான்" என்றான். மூவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி! தட்டை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். ஒருவன் சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தான். மற்றவன் போர்வையைத் தேடிக்கொண்டிருந்தான். கதவு சன்னல்களைத் திறந்து, இருவரையும் படிக்கட்டுக்கு இழுத்து வந்தோம். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள், மூவரும் பிழைத்தார்கள். அடுப்பில் சாம்பல் பூத்த நாலு கங்குகள்தாம் இருந்தன. அந்தத் தட்டைப் பசி தீர உண்டு நான் உறங்கப் போயிருந்தால்?

எல்லாருக்கும் இந்த நல்வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் இருவர், இறைச்சி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி உயிரிழந்தனர்.

கொரியர் கற்ற பாடம்

கொரியர்களே இதற்குப் பெரும் விலை கொடுத்தவர்கள். அடுப்பின் புகையைத் தரைக்கு அடியில் செலுத்தித் தரையைச் சூடாக்கும் 'ஒண்டோல்' முறை அவர்களுடைய பழைய வழக்கம். 1950-53 போருக்குப் பின், விறகுக்குப் பதிலாகத் துளையிட்ட நிலக்கரி உருளைகள் வீடெங்கும் பரவின. தரையில் ஏற்பட்ட விரிசல் வழியே கார்பன் மோனாக்ஸைடு அறைக்குள் கசிந்தது. குளிர்காலந்தோறும் ஏராளமானோர் உறக்கத்திலேயே மாண்டனர். முள்ளங்கிக் கிம்ச்சியின் நீரைப் புகட்டுவது அக்காலக் கைவைத்தியம். அதனால் பயன் ஒன்றுமில்லை. பின்னர் தரைக்கு அடியில் புகைக்குப் பதில் வெந்நீர்க் குழாய்கள் வந்தன. தரை இன்றும் சூடாகவே இருக்கிறது. நஞ்சு மட்டும் விலகிவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

தெருவோர இஸ்திரி வண்டிக்காரர் நாள் முழுதும் கரியுடன் நிற்கிறார். திறந்தவெளி அவரைக் காக்கிறது. அதே கரி, குளிர் காய்வதற்கானாலும், பிரசவ அறைத் தணல் சட்டியானாலும், மூடிய அறைக்குள் வரக் கூடாது. சமைத்து முடிந்த தணலை நீர் ஊற்றி முழுதும் அணைத்து, வெளியிலேயே வைக்க வேண்டும். ஓர் அறையில் இருப்பவர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், அதை அசீரணம் என்று எண்ணாதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108க்குச் சொல்லுங்கள். வெறுங் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரமாகும். தூய பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் குறையும். மருத்துவமனைக்கு விரைவது அதற்காகத்தான்.

கறிக்கும் கரிக்கும் எழுத்தில் வேறுபாடு ஒன்றுதான். மாணவர்கள் அதை மாற்றி எழுதினால் தமிழாசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். கரியை வைக்குமிடத்தை மாற்றினால் குறைவது மதிப்பெண் அன்று. மாடி அறைப் பிள்ளைகள் இப்போதும் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மழை வந்தால் அடுப்பை நனைய விட்டுவிட்டு, இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.