பேட்மிண்டன்: பெயர் வந்த ஊரும் ஆட்டம் வளர்ந்த ஊரும்

மலேசியாவில் பூப்பந்து ஆடாத ஊரைக் காண்பது அரிது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கும் அது பழகிய விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயரான ‘பேட்மிண்டன்’ எங்கிருந்து வந்தது?

அது ஓர் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷியரில் உள்ள அந்தச் சிற்றூரின் பெயர் 972-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே காணப்படுகிறது. ‘பாதுஹெல்ம் என்பவரின் எஸ்டேட்’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். அங்கே பியூஃபோர்ட் பிரபுக்களின் மாளிகையான பேட்மிண்டன் ஹவுஸ் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு ஆடப்பட்டதால் மாளிகையின் பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது.

ஆட்டம் உருப்பெற்றதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இறகு செருகிய பந்தைக் கீழே விழாமல் மட்டையால் தட்டும் விளையாட்டு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பழையது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நடுவே வலை கட்டி அதைப் போட்டியாக ஆடினார்கள். புனே படைமுகாமில் செல்வாக்குப் பெற்றதால் ‘பூனா’ என்றும் அது அழைக்கப்பட்டது.

இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம்தான். 16 இறகுகள் கொண்டது. திறந்தவெளியில் காற்றடித்தால் திசைமாறிவிடும். தமிழகத்தில் இந்த ஆட்டத்துக்கு வேறொரு வடிவம் உண்டு: மஞ்சள் கம்பளிப் பந்தால், அணிக்கு ஐவராக ஆடுவது. தஞ்சை அரச குடும்பத்தார் 1856-லேயே இதை ஆடினார்கள் என்பது வழிவழிச் செய்தி. தமிழ்நாட்டில் ‘பூப்பந்து’ என்றால் இந்தக் கம்பளிப் பந்தாட்டம். மலேசியத் தமிழருக்கோ இறகுப்பந்தாட்டம்தான் பூப்பந்து. தமிழகச் செய்திகளைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலாயா 1949-இல் முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றது. மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன் 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். மறு ஆண்டு இங் பூன் பீயுடன் இணைந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் கைப்பற்றினார். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் 2005 முதல் கோலாலம்பூரில் இயங்குகிறது.

பெயர் இங்கிலாந்து மாளிகையுடையது. ஆட்டத்தை வளர்த்ததில் நம் மக்களுக்கும் பங்குண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மட்டையைக் கையில் கொடுக்கும்போது இந்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.