வில்லும் தணிப்பானும்: மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் கார்

பழைய நாளில் ஏறிச் செல்வதற்கு உகந்தது எனப் பெயர் பெற்றது வில்வண்டி. பாரவண்டியில் அச்சின்மீதே வண்டியின் உடல் அமர்ந்திருந்தமையால், பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் ஏறியிருப்போரின் முதுகெலும்பை வந்து தாக்கிற்று. வில்வண்டியிலோ அச்சுக்கும் உடலுக்கும் இடையே எஃகுத் தகடுகளை அடுக்கி வளைத்த வில் இருந்தது. சக்கரம் கல்லின்மேல் ஏறியபோது வில் வளைந்து கொடுத்தது; மேலிருந்தோர் ஓரளவு அமைதியாகச் சென்றனர். இன்றைய மோட்டார்க் காரின் அடியிலுள்ள சுருள்வில்லும் அதே வேலையைத்தான் செய்கின்றது. ஆயினும் மெல்லச் சென்ற வில்வண்டியில் எழாத கேள்வி ஒன்று, விரைந்து செல்லும் காரில் எழுகின்றது. வில் எவ்வளவு இளக்கமாக இருத்தல் வேண்டும்? எவ்வளவு விறைப்பாக இருத்தல் வேண்டும்?

கண்டி மாநகரின் வடபுறத்தேயுள்ள மஹய்யாவவிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செலுத்திப் புறப்படுபவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வடக்கே கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளைக்குச் செல்லும் நெரிசல் மிக்க நெடுஞ்சாலை. கிழக்கே மஹியங்கனைக்குச் செல்லும் வழியில், 18 வளைவு எனப் பெயர் பெற்ற செங்குத்தான இறக்கம். தெற்கே பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்வதாயின், 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். அந்த நுவரெலியாவிலேதான் மஹகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பந்தயத்தில் ஒரு கார் மலையேறி முடிக்கும் நேரம் மிகச் சொற்பம். அங்கு போய்ச் சேர்வதற்கும், மாலையில் வீடு திரும்புவதற்கும் ஆகும் நேரமோ பல மணி. ஆகவே பந்தயத்தை மட்டும் எண்ணி வில்லைத் தெரிவு செய்பவர், தம் பயணத்தின் மிகச் சிறிய பகுதிக்காகப் பெரிய பகுதியை இழந்தவராகின்றார்.

வில்லின் இயல்பை ராபர்ட் ஹுக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி எடுத்துரைக்கின்றது. பாரம் இருமடங்கானால் வில்லின் அமுக்கமும் இருமடங்காகும் என்பதே அதன் சாரம். காரின் பாரத்தைத் தாங்கி அமுங்கிய வில், ஒரு குழியைக் கடந்ததும் மேலும் கீழுமாக ஆடுகின்றது. அந்த ஆட்டத்தின் வேகம் அமுக்கத்தின் அளவைப் பொறுத்தது. காரின் பாரத்தால் வில் 25 சென்றிமீட்டர் அமுங்குமாயின், வண்டி செக்கனுக்கு ஒரு முறை ஆடும். 11 சென்றிமீட்டர் எனில் ஒன்றரை முறை. 6 சென்றிமீட்டர் எனில் ஏறத்தாழ இரண்டு முறை. சாதாரணக் குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையே நிற்கும். பந்தயக் கார்கள் இரண்டையும் தாண்டும். மனித உடல் மிகுதியும் வருந்துவது செக்கனுக்கு நான்கு முதல் எட்டு முறை வரையிலான மேல்கீழ் அதிர்வினாலேயே. வில்லின் விறைப்பு கூடக் கூட, அத்தகைய அதிர்வு இருக்கையை எட்டுவதும் கூடுகின்றது.

வில் தனித்து நின்றால் ஆட்டம் எளிதில் அடங்காது. பழைய அடுக்குவில்லில் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்தமையால் ஆட்டம் தானே தணிந்தது. சுருள்வில்லில் அந்த உராய்வு இல்லை. அதனால் தணிப்பான் இன்றியமையாததாயிற்று. பொதுமக்கள் ஷொக் அப்சோபர் என அழைப்பது இதனையே. உருளை ஒன்றினுள் எண்ணெய் நிறைந்திருக்கும். துளைகளும் அடைப்பிதழ்களும் கொண்ட முசலம் அதனுள்ளே ஏறி இறங்கும். சிறு துளைகளினூடே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது தணிப்பான் எனப் பலர் எண்ணுவது தவறு. பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் ஆட்டத்தை அடக்குவதே தணிப்பான். தாழ்ந்துபோன காருக்குப் புதிய தணிப்பான் பூட்டிவிட்டு, வண்டி உயரவில்லையே என வருந்துவது இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமையால் நேர்வதாகும்.

இங்கு நுட்பமான ஓர் உண்மை உண்டு. வில்லின் எதிர்ப்பு அது எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதைப் பொறுத்தது. தணிப்பானின் எதிர்ப்பு அது எவ்வளவு வேகமாக அசைகின்றது என்பதைப் பொறுத்தது. வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தாழ்வதும் மெதுவான அசைவுகள். குழியில் சக்கரம் விழுந்தெழுவது மிக விரைவான அசைவு. நல்ல தணிப்பான் மெதுவான அசைவுக்கு உறுதியாக நின்று, விரைவான அசைவுக்கு விட்டுக்கொடுக்கும். முன்னதால் ஓட்டுபவருக்குக் கட்டுப்பாடு கிடைக்கின்றது. பின்னதால் ஏறியிருப்போருக்குச் சுகம் கிடைக்கின்றது. இரண்டும் ஒரே கருவியினுள் அடங்கக் கூடியவை. மலிவான தணிப்பானுக்கும் சிறந்த தணிப்பானுக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதுவே.

விறைப்பான வில் இருந்தால் வளைவில் கார் நன்றாகப் பிடித்து நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. வழவழப்பான பந்தயத் தடத்தில் அது பெரும்பாலும் மெய்யே. மலைப்பாதையிலோ மழைநீர் அரித்த ஓரமும், ஒட்டுப்போட்ட தாரும், மண்சரிவுக்குப் பின் செப்பனிட்ட மேடும் வளைவின் நடுவிலேயே வந்து சேரும். விறைத்த வில்லுடைய சக்கரம் அந்த மேட்டில் ஏறியதும் கீழிறங்கித் தரையைத் தொடப் பிந்துகின்றது. தரையைத் தொடாத சக்கரம் திரும்பவும் மாட்டாது; நிறுத்தவும் மாட்டாது. அது அரைச் செக்கன் நேரமே ஆயினும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் ஏழு மீட்டர் ஓடிவிடும். எதிரே பஸ் ஒன்று வரலாம்; ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்லலாம்; அதற்கப்பால் பள்ளத்தாக்கு இருக்கலாம். சக்கரம் தரையை விடாதிருத்தல் சுகத்துக்கும் வேண்டும், உயிர்க்காப்புக்கும் வேண்டும். சுகமும் கட்டுப்பாடும் பகைகள் அல்ல என்பது மலைப்பாதையில் விளங்குவதுபோல வேறெங்கும் விளங்குவதில்லை.

இதனை அறியாது செய்யப்படும் பிழைகளுள் முதலாவது, காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை வெட்டுவது. ஆறு சுற்றுள்ள வில்லில் ஒரு சுற்றை வெட்டினால், வில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கின்றது. அதே வேளையில் காரும் தாழ்வதால், அமுங்குவதற்குரிய இடம் குறைகின்றது. ஈற்றில் அச்சுப் பகுதி இறப்பர்த் தடுப்பில் மோதுகின்றது; அக்கணத்தில் வில்லே இல்லாத வண்டிபோலக் கார் எகிறுகின்றது. இரண்டாவது பிழை, சற்றே தடித்த கம்பியாலான வில் சற்றே விறைப்பாக இருக்கும் என எண்ணுவது. மற்றவை மாறாதிருக்க, 10 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதில் 11 மில்லிமீட்டர்க் கம்பி இருப்பின், விறைப்பு ஏறத்தாழ 46 வீதம் கூடிவிடும். மூன்றாவது, புதிய வில்லைப் பழைய தணிப்பானோடு சேர்ப்பது. வில்லின் விறைப்பு இருமடங்கானால் தணிப்பானின் வலுவும் ஏறத்தாழ 1.4 மடங்காதல் வேண்டும். இல்லையேல் கார் விறைப்பாகவும் இருக்கும், ஆட்டமும் அடங்காது.

வேறொரு காரில் நன்றாக இருந்த வில்லை அதன் எண்ணைப் பார்த்து வாங்குவதும் பொருந்தாது. வில் சக்கரத்துக்கு அருகில் நிற்கின்றதா, தாங்கும் கையின் நடுவில் நிற்கின்றதா என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறும். சக்கரம் பத்து அலகு உயரும்போது வில் ஏழு அலகே அமுங்குமாயின், சக்கரம் உணரும் விறைப்பு வில்லின் விறைப்பில் பாதியே.

முன்வில்லுக்கும் பின்வில்லுக்கும் உள்ள உறவும் கருதத்தக்கது. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்திலும் பின்னர் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றிய மொரிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளர், 1930களில் செய்த சோதனைகளால் இவ்வுறவை விளக்கினார். மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுப் பிந்தியே சந்திக்கின்றது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சிறிது விரைவாக ஆடுமாயின், பிந்திய ஆட்டம் முந்தியதை எட்டிப் பிடிக்கும். அப்போது தோணிபோல முன்னும் பின்னும் தலையசைப்பது குறைந்து, கார் சமனாக எழுந்து தாழும். வளைவில் சாய்வதைக் குறைக்க வேண்டுமெனில், வில்லை மேலும் விறைப்பதைவிட, இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டைச் சற்றுத் தடிப்பாக்குவது மேல். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் மேட்டில் அத்தண்டு சுகத்தைக் கெடுப்பதில்லை. ஆயினும் அது அளவு மீறினால், ஒரு சக்கரம் குழியில் விழும்போது மற்றதையும் உலுக்கும். பின்பக்கத் தண்டை மட்டும் மிக விறைப்பாக்குவது ஈரமான இறக்கத்தில் காரின் பின்புறத்தை வழுக்கச் செய்யும்.

லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட எலான் என்னும் கார் இவ்வழிக்குச் சிறந்த சான்று. பாரம் குறைந்த அந்தக் காருக்கு இளக்கமான வில்லும் அதற்கிணங்கிய தணிப்பானும் அமைந்திருந்தன. வளைவில் திரும்பும் திறனுக்கு அது இன்றும் உதாரணமாகக் கூறப்படுகின்றது.

ஆகவே மலைநாட்டில் கார் வைத்திருப்பவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில் டயரின் நிலையையும் காற்றழுத்தத்தையும், தேய்ந்த இறப்பர் இணைப்புகளையும் சீர்செய்தல் வேண்டும். வில்லின் குறை எனத் தோன்றுவது பலவேளை இவற்றின் குறையே. அடுத்து, எண்ணெய் கசிந்த அல்லது தளர்ந்த தணிப்பான்களைச் சோடியாக மாற்றல் வேண்டும். அதன் பின்பும் வளைவில் சாய்வு மிகுமாயின், மூலவில்லைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவே விறைத்த வில்லைத் தேடலாம். அமுங்கும் இடம் எஞ்சியிருக்கின்றதா என்பதையும் அளந்து பார்த்தல் வேண்டும். பந்தயத்திலும் ஈடுபடுபவருக்கு, விறைப்பைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் இயலும் தணிப்பான் ஏற்றது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, பழகிய அதே பாதையில் ஓட்டி அறிதல் நன்று.

அந்தச் சோதனைக்கு உரிய நீதிபதி ஓட்டுபவர் மட்டும் அல்லர். மஹய்யாவவிலிருந்து நுவரெலியா வரை அருகே அமர்ந்து சென்ற ஒருவர் களைப்பின்றி இறங்குவாராயின், வழியிலுள்ள வளைவுகளில் சக்கரங்கள் தரையை விடாது ஓடியிருக்குமாயின், அந்த வில்லும் தணிப்பானும் தக்கபடி இணைந்துள்ளன எனக் கொள்ளலாம்.