இறக்கத்தில் பிறக்கும் சூடு

ஏற்காடு ஏரிக்கும் சேலம் நகருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,100 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், பெட்ரோலை எரித்து மேலே ஏறியபோது சேர்த்துவைத்த ஆற்றலை இறங்கும்போது எங்காவது கழித்தே ஆக வேண்டும். கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம் ஜூல். வெயிலில் 30 டிகிரியில் கிடக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும், மிச்சமும் இருக்கும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம், சரியான கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கு. மீதி மொத்தமும் போய்ச் சேருமிடம் சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்புத் தட்டுகளும், அவற்றைக் கவ்விப்பிடிக்கும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத பேடுகளும்தான்.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். உண்மையில் அது வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. அதற்கு வேறு வழியே கிடையாது. அதே கார் சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறப்பது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம் ஜூல். வேகம் 120 ஆனால் சூடு இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. நாமக்கல் நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகிற எல்லோரும் இந்த ஒரு கணக்கையாவது மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சூட்டை வாங்கித் தேயும் பேடுகளில், பின்சக்கரத்துப் பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். பொறுமையும் ஒழுங்கான கருவிகளும் உள்ளவருக்கு அரை நாள் வேலை. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதில் பேடு கிடையாது, பிறை வடிவ ஷூவும் அதில் ஒட்டிய லைனிங்கும்தான் இருக்கும். பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிகளைப் பற்றி இங்கே பார்ப்போம். எந்த வண்டியானாலும் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. தாங்குவதற்கு ஸ்டாண்டு தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்காதீர்கள். கட்டை கொடுத்தபின் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேடு கழன்று வராது.

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கும் அதைக் கவ்வியிருக்கும் காலிப்பரும் தெரியும். முன்சக்கரத்தில் இருப்பதைவிட இது சிறியது. காரணம் எடை நகர்வதுதான். பிரேக் அழுத்தியதும் வண்டியின் மூக்கு தாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் எடை முன்சக்கரங்கள் மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் தரையை லேசாகத்தான் தொட்டிருக்கும். அப்போது பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும், வண்டியின் வால் திரும்பிவிடும். அதனால் பின் பிரேக்கை வேண்டுமென்றே பலம் குறைந்ததாகச் செய்கிறார்கள். அப்படியிருந்தும் சில வண்டிகளில் பின் பேடுதான் முதலில் தேய்கிறது. முன்னும் பின்னும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பகிர்ந்து கொடுக்கும் மின்னணு ஏற்பாடு, சாதாரண மெதுவான பிரேக்கில் பின்சக்கரத்துக்கும் தாராளமாக வேலை கொடுப்பது ஒரு காரணம். முன்சக்கரம் வாரி இறைக்கும் புழுதியும் மணலும் இன்னொன்று.

கழற்றிய பழைய பேடுகளை உடனே வீசிவிடக் கூடாது. அவற்றைப் படிக்கலாம். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒரே கனத்தில் தேய்ந்திருந்தால் காலிப்பர் தன் பின்களின் மேல் தடையில்லாமல் நகர்கிறது என்று அர்த்தம். உள்பேடு மட்டும் கரைந்து வெளிப்பேடு கனமாக இருந்தால் அந்தப் பின்கள் துருவேறியோ கிரீஸ் காய்ந்தோ இறுகியிருக்கும். ஒரே பேடு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து ஆப்பு போலிருந்தால், அது சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. புதுப் பேடின் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. பல பேடுகளில் ஓர் இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். கனம் குறைந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்தப் பொறியில் எனக்கு மிகப் பிடித்த பாகம் வெளியே தெரிவதே இல்லை. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். பெடலை மிதித்ததும் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். வளையம் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டே சற்று வளையும். பெடலை விட்டதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம் பின்னால் இழுத்துக்கொள்ளும். பேடு டிஸ்க்கை விட்டு விலக அது போதும். தனி ஸ்பிரிங் எதுவும் இல்லை. பேடு தேயத் தேய பிஸ்டன் அந்த வளையத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி முன்னேறி, தன் புதிய இடத்தில் நிலைகொள்ளும். எண்ணெய் கசியாமல் அடைப்பது, பிஸ்டனைத் திரும்ப இழுப்பது, தேய்மானத்தை ஈடுகட்டுவது என்ற மூன்று வேலைகளையும் ஒரு ரப்பர்த் துண்டு செய்கிறது. அதனால்தான் அதன் பக்கத்தில் சாதாரண கிரீஸைத் தடவக் கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான்.

தேய்ந்த பேடோடு முன்னேறியிருக்கும் பிஸ்டனை, கனமான புதுப் பேடு உள்ளே போக வேண்டுமானால் பின்னால் அனுப்ப வேண்டும். முன்சக்கரத்தில் வெறுமனே அழுத்தினால் போகும். ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த பின் காலிப்பர் பலவற்றில் பிஸ்டனுக்குள் திருகு மரை இருப்பதால், அழுத்திக்கொண்டே திருக வேண்டும். சி கிளாம்பு போட்டு வெறும் பலத்தால் தள்ளினால் உள்ளே இருக்கும் மரை உடையும். பட்டன் அழுத்தும் மின் ஹேண்ட் பிரேக் என்றால், வண்டியின் கையேட்டில் சொன்னபடி அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கைவைக்கவே கூடாது. பிஸ்டன் பின்னால் போகும்போது எண்ணெய் மேலே இருக்கும் டப்பாவுக்குத் திரும்பும். அது வழிகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும், பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். காலிப்பரை ரப்பர் ஹோஸிலேயே தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். படிந்திருக்கும் கருந்தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங் சிலவற்றில் கல்நார் இருந்தது. எது இருக்கிறது என்று தெரியாத தூசி நுரையீரலுக்குள் போக வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பேடு எதனால் ஆனது? 1888இல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு மன்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்முக்குப் போனார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டைகளின் மேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங்கின் வரலாற்றை அந்தத் தோலிலிருந்து தொடங்குவது வழக்கம். இன்றைய பேடு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பொருள்களின் கலவை. பிசின் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. இழைகள் பலம் தருகின்றன. கிராபைட் வழுவழுப்பைத் தந்து கீச்சொலியைக் குறைக்கிறது. மக்னீசியா போன்ற கடினத் துகள்கள் டிஸ்க்கைச் சுரண்டிப் பிடிப்பைத் தருகின்றன. முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கிப் பொடித்த தூள், பிடிப்பு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க உதவுகிறது. பண்ருட்டிப் பக்கம் மலைமலையாகக் குவியும் அந்த ஓடு இப்படியொரு இடத்துக்கு வந்து சேரும் பொருள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மக்னீசியாவின் தாய்க்கனிமமான மேக்னசைட்டை சேலத்தின் கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக் கரடுகளில் தோண்டி எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி எஃகு உலைகளின் செங்கல்லாகப் போயிற்று. சுமார் 2,800 டிகிரி வரை உருகாத பொருள் மக்னீசியா.

பிசினுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. பேடின் பரப்பு 300, 400 டிகிரியைத் தாண்டும்போது பிசின் சிதைந்து வாயுவாகக் கசியும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே பிடிப்பு குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொரு விதமும் உண்டு, அது இதைவிட மோசமானது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிதாக இருக்கும்போது டாட் 4 வகை குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். காலிப்பருக்குள் எண்ணெய் கொதித்து நீராவிக் குமிழ் உண்டானால், பெடலை மிதிக்கும்போது அந்தக் குமிழ்தான் நசுங்கும், பேடு அசையாது. பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான். பேடு மாற்றுகிறவர்களில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

லாரியில் டிரம் பிரேக்கின் கதை கொஞ்சம் வேறு. சூடானால் டிஸ்க் தடிக்கும், அதாவது பேடை நோக்கி வரும். டிரம் சூடானால் விரியும், அதாவது லைனிங்கை விட்டு விலகும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தே வரும் லாரியில் ஷூ எட்ட வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. பாடி கட்டும் நாமக்கல்லிலும், லாரிகள் மிகுந்த சங்ககிரியிலும் அந்தப் பெயரை அறியாத டிரைவர் இல்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது தொப்பூர் விபத்துகளுக்குப் பலகாலமாகச் சொல்லப்பட்டு வரும் காரணங்களில் ஒன்று. இந்த மிச்சம் ஒரு மாயை. இன்றைய இன்ஜின்கள், கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன, சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகிறது. இன்ஜினையே அணைத்தால் இன்னும் ஆபத்து. காரில் பெடலுக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். லாரியில் ஏர் டாங்க் மறுபடி நிரம்பாது. எந்த கியரில் ஏறும் வண்டியோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் விதிக்கு இயற்பியலில் இதைவிடச் சிறந்த ஆதாரம் தேவையில்லை. காரவள்ளியிலிருந்து மேலே போகும் கொல்லிமலைச் சாலையின் 70 வளைவுகளிலும் அதே விதிதான்.

மலைச்சாலையில் காட்சிமுனை அருகே நிறுத்தும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். சூடான டிஸ்க்கை ஹேண்ட் பிரேக் இறுக்கிப் பிடித்திருக்கும். டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும், பிடி தளரும், அரை மணி கழித்து வண்டி தானே நகரலாம். ஆகவே கியரில் போட்டு, சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவது நல்லது.

வாசலில் வேலை முடிந்தபின் சாவியைத் திருகுவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன்கள் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி வெறுமையாகப் போகும். கெட்டியாகும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள். நட்டுகளை, வண்டி தரையில் நின்றபின், எதிரெதிராகக் குறிப்பிட்ட அளவு இறுக்குங்கள். பிறகு சமதரையில் பேடைப் பழக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக 10க்குக் கொண்டுவருவது, இடையில் ஆறவிடுவது, மறுபடி செய்வது. இதைச் செய்யும்போது பேடின் பொருள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொள்ளும். சூடு கூட்டாமல் சீராக ஒட்டினால் டிஸ்க்கின் நிறம் எங்கும் ஒரே சாம்பலாக இருக்கும். திட்டுத்திட்டாக ஒட்டினால் பெடல் காலில் அதிரும். அந்தப் படலம் படியும் முதல் இருநூறு கிலோமீட்டர் வரை மலையிறக்கமும் திடீர்ப் பிரேக்கும் வேண்டாம்.