கூடாரத்தில் கூடிய ஊர்

அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில், கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கும் சமவெளியின் நடுவே, கிரீன்ஸ்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. 2007-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி இரவு பத்து மணிக்குச் சற்று முன்னதாக, ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் அகலமும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் கொண்ட டொர்னேடோ என்னும் சுழற்காற்று அவ்வூரின் மீது பாய்ந்து, நூற்றில் 95 பங்கு கட்டடங்களைச் சில நிமிஷங்களில் நிர்மூலமாக்கிவிட்டது. வானிலை நிலையத்தார் முன்னதாகவே எச்சரித்து, அபாயச் சங்கு முழங்கி, ஜனங்கள் நிலவறைகளில் பதுங்கியிராவிடில், உயிர்ச்சேதம் பத்துப் பன்னிரண்டோடு நின்றிராது.

இடிபாடுகளை அகற்றுவது யந்திரங்களால் ஆகும் காரியம். ஊர் என்ற பந்தத்தை மீட்பது அவ்வளவு சுலபமன்று. வீடிழந்தவர்கள் பெரியதொரு கூடாரத்தில் நூற்றுக்கணக்கில் கூடி, முதலில் எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா என்றெல்லாம் விவாதித்தார்களே, அந்தச் சபையைத்தான் புனர்நிர்மாணத்தின் அஸ்திவாரம் என்று நான் கருதுகிறேன். புயலுக்கு முன்பே இளைஞர்கள் பிழைப்பைத் தேடி வெளியேறி க்ஷீணித்துக்கொண்டிருந்த ஊர் அது. ஆகவே பழையதை அப்படியே எழுப்பினால் பழைய வியாதியும் கூடவே எழும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடங்கள் யாவும், எரிசக்தியைச் சிக்கனப்படுத்துவதில் மிக உயர்ந்ததான ‘லீட் பிளாட்டினம்’ தரத்தில் அமைய வேண்டுமென்று நகரசபை தீர்மானித்தது. ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள் எழுந்தன.

ஆயினும், இதை முழு வெற்றியாகக் கொண்டாட என் மனம் இடந்தரவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் 1,574 பேர் இருந்த ஊரில், 2010-இல் 777 பேரே எஞ்சியிருந்தார்கள். பழைய வீட்டுக்குக் கிடைத்த இன்ஷூரன்ஸ் பணம் புதிய வீட்டுக்குப் போதாத முதியவர்களும், குறைந்த வாடகையில் குடியிருந்த ஏழைகளும், ஊர் எழும்வரை எங்கே காத்திருப்பார்கள்? மென்னோனைட் கிறிஸ்தவ சபைத் தொண்டர்கள் வந்து சிலருக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த உதவி எல்லோரையும் எட்டவில்லை. பொதுக் கட்டடங்களைப் பற்றிய தீர்மானம் பிறந்த அதே வேகத்தில் இவர்களுக்கான எளிய வீடுகளும் எழுந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் ஊரார் தாமதிக்கவில்லை. புயலடித்த அதே ஆண்டு ஆகஸ்டிலேயே தற்காலிக டிரெய்லர் அறைகளில் வகுப்புகள் தொடங்கின. குழந்தைகளின் படிப்பு தடைப்படாது என்ற அந்த உறுதிதான் பெற்றோர்களுக்கு அவ்வூரிலேயே தங்குவதற்குத் தைரியமளித்தது. 2010-இல் புதிய பள்ளிக்கூடம் திறக்கப்பட்டபோது, பக்கத்து ஊரான முல்லின்வில்லின் பிள்ளைகளும் அதில் சேர்ந்து படித்தார்கள்.